வாரம் ஒரு நாள், ஒரே மேசையில்

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பேருந்தில் போகும்போது, பட்டணத்தின் எல்லையில் பல்சக்கரப் படம் போட்ட ஒரு பலகையை நம்மில் சிலர் பார்த்திருக்கக்கூடும். நீலமும் மஞ்சளுமாய் இருக்கும் அந்தச் சக்கரத்தின் கீழே ஒரு கிழமை, ஒரு நேரம், ஓர் ஓட்டலின் பெயர் எழுதியிருக்கும். ஏதோ மோட்டார் பட்டறையின் விளம்பரம் என்று எண்ணிக் கடந்து போனவர்களும் உண்டு. அது ரோட்டரிச் சங்கத்தின் அடையாளம். "இன்ன கிழமை, இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் கூடுகிறோம், வெளியூர் உறுப்பினர் யாராயினும் வந்து எங்களோடு அமரலாம்" என்பதே அந்தப் பலகை சொல்லும் செய்தி.

அந்தச் சங்கம் செய்த நற்காரியங்களைப் பட்டியல் போடுவது இன்று நம் நோக்கமன்று. வாரந்தோறும் கூடுவது என்ற அந்த வழக்கம் எங்கே தோன்றியது, நம் மலாயாவுக்கு எப்படி வந்தது, அந்த மேசையில் யாருக்கு நாற்காலி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையே பார்க்கப் போகிறோம். நற்காரியத்தைவிட நாற்காலியின் கதையில்தான் சரித்திரம் அதிகம் இருக்கிறது.

கதை அமெரிக்காவில், சிக்காகோ நகரத்தில் தொடங்குகிறது. பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் 1896ஆம் ஆண்டில் அந்நகரத்துக்குப் பிழைக்க வந்தார். 1868இல் பிறந்த அவர், வெர்மாண்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்ட் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். அந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். சிக்காகோவிலோ கச்சேரிக்குப் போனால் வேலை உண்டு, வேலை முடிந்தால் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு மிகவும் கொடுமையான நாளாக இருந்ததாம்.

இதை நம் நேயர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்காக விற்கப்பட்டும், நம் மக்கள் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் குடிபெயர்ந்த கதை நமக்குத் தெரியும். லயத்தில் இருந்தபோது ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் பத்து வீட்டுக்கு மணம் தெரியும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தலைமாட்டில் நான்கு பாட்டிமார் இருப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் பக்கத்துக் கதவுக்காரர் பெயரே பல மாதம் தெரியாது. சம்பளம் கூடியது, மின்விளக்கு வந்தது. பேர் சொல்லி அழைக்க ஆள் இல்லாமல் போயிற்று. ஹாரிஸுக்கு நேர்ந்ததும் அதுவேதான்.

1900ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, நகரத்தின் ஓரத்தில் குடியிருந்த வழக்கறிஞர் நண்பர் ஒருவரோடு ஹாரிஸ் சாப்பிட்டுவிட்டு நடக்கப் போனார். அந்த நண்பர் வழியிலிருந்த கடைக்காரர்களையெல்லாம் பேர் சொல்லி நலம் விசாரித்துக்கொண்டே போனார். பெருநகரத்துக்குள்ளே ஒரு சிற்றூரை உண்டாக்க முடியும் போலிருக்கிறதே என்று ஹாரிஸுக்குத் தோன்றியது. தோன்றியது செயலாக ஐந்து ஆண்டு ஆயிற்று.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23, வியாழக்கிழமை மாலை. யூனிட்டி கட்டடத்தில் 711ஆம் எண் அறை. குஸ்டாவஸ் லோர் என்ற சுரங்கப் பொறியாளரின் சிறிய ஆப்பீஸ் அது. அங்கே நான்கு பேர் கூடினார்கள். லோர், ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல், துணி தைத்து விற்கும் ஹைரம் ஷோரி. நால்வரும் வேறு ஊர்களில் பிறந்து சிக்காகோவுக்குப் பிழைக்க வந்தவர்கள். அடுத்த கூட்டத்தை ஹாரிஸின் ஆப்பீஸிலும், அதற்கடுத்ததை ஷீலின் நிலக்கரிக் கிட்டங்கியிலும் வைத்துக்கொண்டார்கள். இப்படி ஒருவர் இடத்திலிருந்து இன்னொருவர் இடத்துக்குச் சுழன்று வந்ததால்தான் சுழற்சி என்ற பொருளில் 'ரோட்டரி' என்று பெயர் வந்தது. ஷீல் முதல் தலைவரானார். இரண்டாம் கூட்டத்தில் சேர்ந்த ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சகக்காரர், கூட்டம் சோர்ந்து போன ஒரு நாளில் நாற்காலிமேல் ஏறி நின்று எல்லாரையும் பாடவைத்தாராம். கூட்டத்தில் சேர்ந்து பாடும் வழக்கம் பல சங்கங்களில் நெடுங்காலம் நீடித்தது. முதல் நால்வரில் லோரும் ஷோரியும் சங்கத்தில் நெடுநாள் நிலைக்கவில்லை. தொடங்கி வைப்பவரே தொடர்ந்து வருவார் என்று எந்தச் சங்கத்திலும் சொல்ல முடியாது போலும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சங்கம் தொண்டு செய்யப் பிறந்ததன்று. நட்புக்காகவும் வியாபாரத்துக்காகவும் பிறந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்று சேர்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் போட்டி இராது. உறுப்பினர்கள் ஒருவர் கடையில் ஒருவர் வாங்கிக்கொண்டார்கள். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று கணக்கெழுதி வைக்கவும் செய்தார்கள். 1906இல் டொனால்டு கார்ட்டர் என்ற வழக்கறிஞரை அழைத்தபோது, தங்களுக்குள்ளே உதவிக்கொள்வது மட்டுந்தான் வேலையென்றால் இந்தச் சங்கம் நீடிக்காது என்று அவர் சொல்லிவிட்டார். ஊருக்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கம் சட்டதிட்டத்தில் அதன் பிறகே ஏறியது.

ஊருக்குச் செய்த முதல் பெரிய காரியம் என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை! 1907இல் சிக்காகோ கடைத்தெருவில் ஒருவருக்கு அவசரம் வந்தால் மதுக்கடைக்குள்ளோ பெரிய ஜவுளிக் கடைக்குள்ளோதான் போக வேண்டும். போனால் ஏதாவது வாங்க வேண்டும். ஆகவே பொதுக் கழிப்பறை கட்டக்கூடாதென்று மது வியாபாரிகளும் பெரிய கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். கள்ளுக்கடைக்காரர் எந்தெந்த வழியிலெல்லாம் ஆள் பிடிப்பார் என்பது தோட்டத்தில் வாழ்ந்த நமக்குப் புதிதல்ல. ஏழையும் பணக்காரரும் காசில்லாமல் போகக்கூடிய கழிப்பறை 1909இல் திறக்கப்பட்டது. தொண்டு என்றால் பெரிதாக ஏதோ கட்டுவது என்று எண்ணுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கூடினார்கள். வாரந்தோறும் மதிய உணவோடு கூடும் வழக்கம் 1909இல் ஏற்பட்ட ஓக்லண்ட் சங்கத்திலிருந்து பரவியது. 1922ஆம் ஆண்டில் வாரக் கூட்டம் எல்லாச் சங்கங்களுக்கும் விதியாயிற்று. தொடர்ந்து நான்கு கூட்டத்துக்கு வராதவர் உறுப்பினர் பதவியை இழப்பார். வெளியூரில் இருந்தால் அந்த ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து ஈடுகட்டலாம். எல்லைப் பலகை எதற்கு என்பது இப்போது விளங்கும்.

நமக்கு வருகைப் பதிவு என்றால் காலைப் பிரட்டுதான் நினைவுக்கு வரும். இருட்டோடு எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். கிராணி பேரெழுத வேண்டும். பேர் விழாவிட்டால் அன்று சம்பளம் இல்லை. இதுவோ தாங்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட பிரட்டு. சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கும் கைக்காசு. ஏன் இத்தனை கண்டிப்பு? மாதத்துக்கு ஒருமுறை கூடினால், ஒரு கூட்டம் தவறியவர் இரண்டு மாதத்துக்கு அந்நியராகிவிடுகிறார். வாரத்துக்கு ஒருமுறை கூடினால், சென்ற வாரம் மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னவரிடம் இந்த வாரம் "எப்படி இருக்கிறாள்?" என்று கேட்க முடிகிறது. ஆண்டுக்கொருமுறை கூடும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பழகிய எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இந்த விதி மிகவும் பிடித்திருக்கிறது.

கூட்டம் நடக்கும் முறை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றே. தலைவர் மணியடிப்பார். பேச்சு நிற்கும். விருந்தினரையும் வெளியூர் உறுப்பினரையும் அறிமுகம் செய்வார்கள். சாப்பாடு நடக்கும்போதே செயலாளர் அறிவிப்புகளைச் சொல்வார். ஒழுங்கு காப்பாளர் என்று ஒருவர் உண்டு. தாமதமாக வந்தவர், சட்டையில் சின்னம் குத்தாதவர், பத்திரிகையில் பேர் வந்ததைச் சொல்லாமல் மறைத்தவர் என்று ஏதாவது குற்றம் கண்டுபிடித்து வேடிக்கையாகத் தண்டம் வாங்குவார். அந்தக் காசு தொண்டு நிதிக்குப் போகும். பிறகு அழைக்கப்பட்ட ஒருவர் இருபது நிமிடம்போல ஏதாவது ஒரு பொருளைப்பற்றிப் பேசுவார். கேள்விகள் வரும். மறுபடி மணி. அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். பட்டம் பதவி பார்க்காமல் ஒருவரையொருவர் பேர் சொல்லி அழைப்பது தொடக்க நாளிலிருந்தே வந்த வழக்கம்.

இந்த மேசை ஆசியாவுக்கு வந்தது 1919இல். மணிலாவிலும் ஷாங்காயிலும் கல்கத்தாவிலும் அப்போது சங்கங்கள் ஏற்பட்டன. நம் பக்கம் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர். அவருடைய வாழ்க்கையே ஒரு கதை. இளம் வயதில் பியரி என்பவரோடு கிரீன்லாந்தின் பனிக்காட்டுக்குப் போனவர். தைவானில் போர்ச் செய்தியாளராக இருந்தவர். பின்பு கனடாவில் கால்கரி நகரில் குடியேறிய வியாபாரி. 1928 ஆகஸ்டில் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சுற்றி, 1929இல் மெட்ராஸ், கொழும்பு, பிறகு இரங்கூன் என்று வந்து, 1929, 1930ஆம் ஆண்டுகளில் சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ, கிள்ளான், மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களில் சங்கங்களை ஏற்படுத்தினார். சங்கம் கொடுத்த பணத்தைவிடப் பல மடங்கு தம் சொந்தப் பணத்தைச் செலவழித்தார். 1933இல் காலமானார்.

அந்தக் காலத்து மலாயாவை மனத்தில் கொண்டு இதைப் பார்க்க வேண்டும். துரைமார்களுக்கென்று கிளப்புகள் இருந்தன. பெரும்பாலான கிளப்புகளில் வெள்ளையர் அல்லாதவர் நுழைய வேண்டுமானால் தட்டு ஏந்தித்தான் நுழைய வேண்டும். மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஐரோப்பியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது நடவாத காரியம் என்று பலர் கருதினார்கள். டேவிட்சன் ஏற்படுத்திய சங்கங்களோ எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொண்டன. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரே மேசை. வெளியே வந்தால் மறுபடியும் பழைய வேலிகள்தாம். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் சிறியதன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அப்படிப்பட்ட இடங்கள் மிகச் சில.

ஆனால் அந்த மேசையில் நம்மவர் இருந்தார்களா? இந்திய வழக்கறிஞரும் மருத்துவரும் வியாபாரியும் இருக்க முடிந்தது. பால்மரம் வெட்டுகிறவர் இருக்க முடியவில்லை. தொழிலுக்கு ஒருவர் என்ற விதியில் 'தொழில்' என்றால் நிர்வாகமும் வியாபாரமும் படித்தவர் உத்தியோகமும்தான். தோட்டம் நடத்துவது தொழிலாக எண்ணப்பட்டது. மரம் வெட்டுவது எண்ணப்படவில்லை. நேரத்தையும் பாருங்கள். மதிய உணவு வேளையில் கூட்டம்! அந்நேரத்தில் நம் தாய்மாரும் தந்தைமாரும் பாலெடுத்து வந்து ஸ்டோரில் நிறுத்துக்கொண்டிருப்பார்கள்.

அதே 1930இல் தோட்டத்தில் நடந்தது என்ன? உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தது. 1928இல் போக்குவரத்து வசதியுள்ள இடங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுத்த நாட்கூலி, 1930இல் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து ஆள் சேர்ப்பதும் அவ்வாண்டில் நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஓட்டலில் புதுச் சங்கத்தின் மணி அடித்த அதே நாட்களில், துறைமுகத்தில் நம்மவர் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த ஆண்டின் சரித்திரம் முழுமையாகும்.

நம்மவருக்குக் கூட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1929 டிசம்பரில் அதே ஈப்போவில் தமிழர் சீர்திருத்த மாநாடு கூடியது; தந்தை பெரியார் தமிழகத்திலிருந்து வந்து பேசினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் ஏற்பட்டது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். பின்னாளில் தோட்டந்தோறும் மணிமன்றங்களும் படிப்பகங்களும் எழுந்தன. ஓட்டல் மேசைக்கும் இவற்றுக்கும் உறவு கிடையாது. நம்முடைய கூட்டம் லயத்துத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் நடந்தது. சாப்பாடு கிடையாது, கறுப்புக் காப்பி இருந்தால் பெரிது. ஆனால் அங்கே கூடியவர்களைத்தாம், ஓட்டலில் கூடியவர்கள் "யாருக்கு உதவலாம்?" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உதவி பெறுகிறவர் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளும் காலம் அப்போது வரவில்லை.

போர் வந்தது. 1942இல் ஜப்பானியர் ஆட்சியில் மலாயாச் சங்கங்கள் நின்றுபோயின. போருக்குப் பிறகே திரும்ப எழுந்தன. ஜப்பானில் நடந்தது வியப்பானது. 1940இல் அங்குள்ள சங்கங்கள் அமெரிக்கத் தொடர்பை அறுத்துக்கொள்ள நேர்ந்தது. தோக்கியோ உறுப்பினர்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு 'புதன்கிழமைச் சங்கம்' என்று தொடர்ந்து கூடினார்கள். ஒசாக்காவில் அது வெள்ளிக்கிழமையின் பெயரில் நடந்தது. சக்கரத்தை எடுத்துவிட்டார்கள், பெயரை எடுத்துவிட்டார்கள், கிழமையை எடுக்க முடியவில்லை! 1949இல் தோக்கியோ சங்கம் மறுபடியும் உலகச் சங்கத்தில் சேர்ந்தது.

ஜெர்மனியில் நடந்ததோ வெட்கப்பட வேண்டியது. 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தவுடன், யூத உறுப்பினர்களையும் ஆட்சிக்குப் பிடிக்காதவர்களையும் பல சங்கங்கள் தாங்களே வெளியேற்றின. நோபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் தாமஸ் மான் மியூனிக் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஆண்டுக்கணக்காக ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்! இவ்வளவு வளைந்து கொடுத்தும் சங்கம் பிழைக்கவில்லை, 1937இல் கலைக்கப்பட்டது. வாரந்தோறும் கூடுவதனால் மட்டும் மனிதருக்குத் துணிவு வந்துவிடாது என்பதற்கு இது சாட்சி.

இனி, நம் சகோதரிகள் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். பிறந்து எழுபது ஆண்டு ஆகியும் அந்த மேசையில் பெண்களுக்கு நாற்காலி இல்லை. உறுப்பினரின் மனைவி விருந்தினராக வரலாம், உறுப்பினராக முடியாது. 1977இல் கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சிற்றூர்ச் சங்கம் உறுப்பினர் குறைந்து தவித்தது. மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1978இல் உலகச் சங்கம் அந்த ஊர்ச் சங்கத்தையே விலக்கிவிட்டது. அவர்கள் கலைந்து போகவில்லை. 'முன்னாள் ரோட்டரிச் சங்கம்' என்று பெயர் சூட்டிக்கொண்டு, சட்டைச் சின்னத்தின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கூடிவந்தார்கள். வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1987 மே 4ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே சில்வியா விட்லாக் என்ற பெண்மணி டுவார்ட்டே சங்கத்தின் தலைவரானார். ரோட்டரியில் ஓர் ஊர்ச் சங்கத்தின் முதல் பெண் தலைவர் அவரே. அவருடைய உத்தியோகம் என்ன? தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை! இதைச் சொல்லும்போது எங்கள் குரலில் கொஞ்சம் பெருமை கலந்தால் நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1989இல் உலகெங்கும் விதி மாறியது. 2022இல் கனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் உலகத் தலைவராகப் பதவியேற்றார்.

1986இல் இன்னொரு திருத்தம் நடந்தது. அவ்வாண்டு உலகத் தலைவராக இருந்தவர் பிலிப்பீன்ஸ் நாட்டுக் கப்பாராஸ். கிராமத்து மக்கள் தாங்களே ஒரு குழுவாகக் கூடி, தங்கள் ஊருக்கு எது தேவை என்று தாங்களே முடிவு செய்து உழைக்க வேண்டும். பட்டணத்துச் சங்கம் துணை நிற்கலாம் என்ற ஏற்பாடு அப்போது வந்தது. உதவி பெறுகிறவர் வெளியே நிற்க, உதவுகிறவர் உள்ளே பேசுவது என்ற பழைய முறையில் விழுந்த முதல் ஓட்டை என்று இதைச் சொல்லலாம்.

தொண்டுகளைப் பட்டியல் போடமாட்டோம் என்றோம். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மருந்தகத்தில் நம் கைக்குழந்தைகளின் நாக்கில் விட்ட போலியோ சொட்டு மருந்து நினைவிருக்கிறதல்லவா? 1979இல் பிலிப்பீன்ஸ் குழந்தைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கி, 1985இல் உலகம் முழுவதிலும் அந்த நோயை ஒழிப்பதென்று ரோட்டரிச் சங்கத்தார் உறுதி எடுத்தார்கள். பணம் திரட்டும் வேலை இதுபோன்ற வாரக் கூட்டங்களில்தான் நடந்தது. நம் நாட்டில் 27 ஆண்டுகளாக இல்லாதிருந்த அந்த நோய், 2019 டிசம்பரில் சபாவில் ஒரு குழந்தையைத் தாக்கியது. இன்னும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது வேர் அறாமல் இருக்கிறது.

வாரம் ஒருமுறை கூடியே தீர வேண்டும் என்ற விதி 2016இல் தளர்த்தப்பட்டது. மாதத்தில் இரண்டு முறை கூடினாலும் போதும் என்று விட்டுவிட்டார்கள். இளைஞருக்கு நேரமில்லை, ஓட்டல் செலவு கட்டுப்படியாகவில்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். பழைய உறுப்பினர் பலருக்கு இது பிடிக்கவில்லை. நமக்கும் பழையவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஆனால் கட்டாயப் பிரட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் இளைஞரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது.

பட்டணத்துக்குப் போகும் நேயர்கள் யாராவது அந்தக் கூட்டத்தை ஒருமுறை பார்க்க விரும்பினால், அவ்வூர்ச் சங்கத்தின் செயலாளரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விருந்தினராகப் போகலாம். எத்தனை மணிக்கு மணியடிப்பார்கள், சாப்பாட்டுக்குக் காசு கட்ட வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.